பீடி சுற்றிய கை, இன்ஹேலர் பிடிக்கிறது

கேமரன் மலைக்காரர்களுக்கு இலை என்றால் தேயிலைதான். 1885-இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மேட்டு நிலத்துக்கு வந்தார். 1929-இல் ஜே.ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கினார். அதற்குப் பிறகு இங்கே மலைச்சரிவு முழுக்கக் கொழுந்து. கம்போங் ராஜாவில் காய்கறிக் கூடாரங்கள் எவ்வளவு பெருகினாலும், புளூ வேலி பக்கம் திரும்பினால் இன்னமும் பச்சை வரிசை கண்ணுக்குத் தெரியும். எங்கள் தாத்தாவும் அப்பாவும் அந்த வரிசைகளுக்கு நடுவில்தான் காலம் கழித்தார்கள்.

ஆனால், தோட்டத்து வீடுகளுக்குள் இன்னோர் இலையும் இருந்தது. அதைப் பற்றி நாம் அதிகம் எழுதுவதில்லை. சட்டைப் பையில், வேட்டி மடிப்பில், சாமி படத்துக்குப் பின்னால் இருக்கும் தீப்பெட்டிக்குப் பக்கத்தில் அது இருக்கும். பீடி. மலைக்குளிரில் விடியற்காலை வேலைக்குப் போகிறவருக்கு ஒரு சூடு, அட்டைக்கடிக்கு வைக்கக் கொஞ்சம் புகையிலை, பெரட்டு முடிந்ததும் நண்பரோடு நிற்க ஒரு சாக்கு. அது எங்கிருந்து வருகிறது, யார் சுற்றுகிறார்கள் என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. பதில் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் மணப்பெண்ணாக எங்கள் வீட்டுக்கே வந்தது.

என் அண்ணி திருநெல்வேலி மாவட்டம் முக்கூடலைச் சேர்ந்தவர். தாமிரபரணிக் கரை ஊர். பத்து வயதில் தொடங்கி, விமானம் ஏறுவதற்கு முந்தைய வாரம் வரைக்கும் பீடி சுற்றியவர். இன்றைக்கு அப்பாவுக்கு மூச்சு முட்டும்போது இன்ஹேலரைப் பிடித்து, "இழுங்க மாமா, மெதுவா விடுங்க" என்று எண்ணிக்கொண்டிருப்பவரும் அவர்தான்.

ஒரே வீட்டில் ஒருவர் பீடி சுற்றியவர், மற்றவர் முப்பது ஆண்டுகள் பீடி குடித்தவர். இந்த இருவரையும் தெரிந்துகொண்டதால்தான் இந்தக் கட்டுரையை எழுத நினைத்தேன்.

சுளகும் கத்தரியும்

பீடி எப்படி உருவாகிறது என்று அண்ணியிடம் கேட்டால் வாயால் சொல்லமாட்டார். கைதான் முதலில் நகரும். ஒருமுறை வாழை இலைத் துண்டையும் காய்ந்த தேயிலைத் தூளையும் வைத்துச் செய்து காட்டினார். இரண்டு கட்டை விரல்களும் ஆள்காட்டி விரல்களும் ஒருமுறை உருண்டன. நான் கண் சிமிட்டுவதற்குள் கூம்பு மாதிரி ஒன்று தயாராகிவிட்டது.

பீடிக்கான இலை முக்கூடலில் விளைவதில்லை. அது தெந்து மரத்தின் இலை. மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா, மகாராஷ்டிரம், தெலங்கானா காடுகளில் கோடைக்காலத்தில் பறிக்கப்படுகிறது. பறிப்பவர்களில் பெரும்பாலோர் பழங்குடி மக்கள். காய்ந்த இலை கட்டுக் கட்டாகத் தெற்கே வருகிறது. அதை பீடிக் கம்பெனியோ ஒப்பந்தக்காரரோ எடைபோட்டு வீட்டுப் பெண்களிடம் கொடுக்கிறார்கள். கூடவே புகையிலைத் தூளும் நூலும்.

"இலைய வாங்கிட்டு வந்ததும் சுத்த முடியாது தம்பி. தண்ணியில நனைச்சு, ஈரத்துணியில சுத்தி வைக்கணும். அப்பத்தான் மடங்கும். இல்லன்னா ஒடஞ்சிரும்" என்பார் அண்ணி.

நனைந்து பதமான இலையின் மேல் ஒரு தகரத் துண்டை வைத்து, அதே அளவுக்குக் கத்தரியால் வெட்டுவார்கள். தடித்த நரம்பைச் சுரண்டி எடுப்பார்கள். மடியில் சுளகு. நம் ஊரில் முறம் என்று சொல்வதுதான் அங்கே சுளகு. சுளகின் ஒரு பக்கம் வெட்டிய இலை, மறுபக்கம் தூள். ஒரு சிட்டிகை தூளை இலையின் மேல் பரப்பி, விரல்களுக்கு நடுவில் உருட்டி, ஒரு நுனியை உள்ளே மடக்கி மூடி, மறுநுனியில் நூலைச் சுற்றினால் ஒரு பீடி. ஒரு பீடிக்குள் போகும் தூள் சுமார் 0.2 கிராம். ஆயிரம் பீடிக்கு 200 கிராம். தூள் கூடினால் கணக்கு இடிக்கும். குறைந்தால் பீடி கழிவில் போகும்.

கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று பேசப்படுகிறது. ஒரு நாளில் ஆயிரம் சுற்ற, கை தேர்ந்த பெண்ணுக்கே விடிந்ததிலிருந்து இருட்டும் வரை ஆகும். சமையல், குழந்தை, தண்ணீர் எடுப்பது எல்லாம் நடுவில். அண்ணி எண்ணூறு சுற்றுவாராம். அவருடைய அம்மா கண் பார்வை மங்காத காலத்தில் ஆயிரத்தைத் தாண்டியவர்.

சுற்றியதைக் கட்டுகளாக அடுக்கிக் கடைக்குக் கொண்டுபோனால், சரிபார்ப்பவர் ஒவ்வொரு கட்டாகப் பிடித்துப் பார்ப்பார். சுற்று தளர்ந்தது, நிறம் மாறியது, மடக்கு விரிந்தது எல்லாம் கழிவு. கழித்ததற்குக் கூலி இல்லை. கொடுத்த இலை நன்றாக இல்லாமல் பாதி வீணானால், குறைகிற இலையைச் சுற்றுகிறவரே காசு கொடுத்து வாங்கிச் சேர்க்க வேண்டியிருக்கும். வீடு வீடாகச் சுற்றும் பெண்கள் எல்லோருக்கும் உள்ள பழைய குறை இது.

இதைக் கேட்டபோது எனக்கு நம் தோட்டம்தான் நினைவுக்கு வந்தது. கொழுந்துக்கும் எடைதான் கணக்கு. முற்றிய இலை கலந்திருந்தால் கழிவு. அங்கேயும் இலை, இங்கேயும் இலை. அங்கேயும் கத்தரி, இங்கேயும் கத்தரி. பாட்டி காலத்தில் விரலால் கிள்ளிய கொழுந்தை அம்மா காலத்தில் பை கட்டிய கத்தரியால் வெட்டினார்கள். இன்றைக்கு இரண்டு பேர் பிடிக்கும் இயந்திரம் வந்துவிட்டது. தேயிலையைத் தொழிற்சாலையில் வாட்டி, உருட்டி, நிறம் மாறவிட்டுக் காய வைக்கிறார்கள். அந்த உருட்டலும் இயந்திரத்தின் வேலை. பீடிக்கு மட்டும் இன்றுவரை மனித விரல்தான். நாடு முழுக்க சுமார் 50 லட்சம் பீடித் தொழிலாளர்கள் என்பது இந்திய அரசு தரும் கணக்கு. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள், வீட்டிலேயே சுற்றுகிறவர்கள்.

சட்டம் வந்த கதை

இந்தப் பெண்களுக்காகச் சட்டமே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. 1966-இல் பீடி, சுருட்டுத் தொழிலாளர்களின் வேலை நிலைமைகளுக்கென்று இந்திய நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியது. வீட்டில் உட்கார்ந்து சுற்றுபவரும் தொழிலாளரே என்று அது ஏற்றுக்கொண்டது. 1976-இல் நலநிதிச் சட்டம் வந்தது. பீடி மீது ஒரு சிறு வரி போட்டு, அந்தப் பணத்தில் மருத்துவம், வீடு, பிள்ளைகளின் படிப்பு உதவித்தொகை ஆகியவற்றைக் கொடுப்பது அதன் நோக்கம். பீடித் தொழிலாளர்களுக்கென்று மத்திய அரசின் மருத்துவமனை ஒன்று முக்கூடலிலேயே இருக்கிறது. 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது அந்தத் தனி வரி நீங்கியது. நலத்திட்டங்களுக்கு அரசே தன் வரவுசெலவிலிருந்து பணம் ஒதுக்க வேண்டிய நிலை வந்தது.

1966 சட்டத்தை நடைமுறைப்படுத்த முனைந்தபோது கேரளத்தில் நடந்ததைக் கட்டாயம் சொல்ல வேண்டும். கண்ணூர் பக்கம் பெரிய முதலாளிகள் சிலர், சட்டப்படி கூலியும் விடுப்பும் கொடுக்க மனமில்லாமல் 1968-இல் கம்பெனிகளை மூடினார்கள். ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். அந்தத் தொழிலாளர்களே அரசின் உதவியோடு 1969 பிப்ரவரியில் ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். அதுதான் தினேஷ் பீடி. 300 பேரோடு தொடங்கி, உச்சத்தில் 42,000 பேர் வரை வேலை செய்தார்கள்.

அந்தக் கூடங்களில் ஒரு வழக்கம் இருந்தது. எல்லோரும் பீடி சுற்றிக்கொண்டிருக்க, ஒருவர் மட்டும் செய்தித்தாளையும் புத்தகத்தையும் உரக்க வாசிப்பார். வாசிப்பவரின் பங்குப் பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுப்பார்கள். கைக்கு வேலை இருக்கிறது, காது சும்மாதானே இருக்கிறது! கியூபாவின் சுருட்டுத் தொழிற்சாலைகளிலும் 1865 முதல் இதே வழக்கம் உண்டு. அங்கே வாசித்த நாவல் ஒன்றின் பெயர்தான் 'மாண்டே கிறிஸ்டோ' சுருட்டுக்கு வந்தது. பள்ளிக்கூடம் போகாதவர்கள் உலக அரசியல் பேசியது இப்படித்தான்.

சிகரெட் பெருகி, பீடிக்கு மவுசு குறைந்தபோது தினேஷ் சங்கம் மூடிவிட்டுப் போகவில்லை. தேங்காய்ப் பால், குடை, ஆடை என்று வேறு தொழில்களுக்குத் திரும்பியது. பீடியை விட்டு வெளியே வரும் வழியையும் தொழிலாளர்களே தேடிக்கொண்டார்கள் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த பகுதி.

காசர்கோட்டில் பிள்ளைப்பருவத்தில் பீடி சுற்றி, படிப்பை இடையில் விட்டு, மறுபடி படித்து வழக்கறிஞரான சுரேந்திரன் பட்டேல் என்பவர் 2023 ஜனவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நீதிபதியாகப் பதவியேற்றார். இந்தச் செய்தியை அண்ணியின் கைப்பேசிக்கு அனுப்பினேன். "அவரு சுத்துன பீடியில கழிவு எவ்வளவு போச்சாம்?" என்று திருப்பிக் கேட்டார்.

சுற்றுபவரின் மூச்சு

புகைப்பவருக்கு மட்டும்தான் கேடு என்று நாம் நினைக்கிறோம். பற்ற வைக்காத புகையிலையும் சும்மா இருப்பதில்லை. நாள் முழுக்கத் தூளில் கை வைத்திருப்பவருக்கு நிகோடின் தோல் வழியாக உடம்பில் ஏறுகிறது. தூசு மூக்கு வழியாக நுரையீரலுக்குப் போகிறது. இருமல், இளைப்பு, தலைச்சுற்றல், கழுத்து வலி, முதுகு வலி ஆகியவை பீடிப் பெண்களிடம் சாதாரணம். சுளகு மடியில் இருக்கும்போதே கைக்குழந்தை பக்கத்தில் தவழ்ந்துகொண்டிருக்கும்.

அண்ணி இங்கே வந்த புதிதில் ஒரு வாரம் தலைவலியும் எரிச்சலுமாக இருந்தாராம். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லோரும் நினைத்தார்கள். பல ஆண்டுகள் கழித்து, அப்பாவைப் பார்த்த மருத்துவரிடம் இதைச் சொன்னபோது, "உடம்பு நிகோடினைத் தேடியிருக்கலாம்" என்று அவர் சொன்னாராம். வாழ்நாளில் ஒரு பீடியைக்கூட வாயில் வைக்காத பெண்ணுக்கு!

இனி, குடித்தவரின் பக்கம். பீடி சிறியது, இலைதானே, வடிகட்டி வைத்த சிகரெட்டைவிட இயற்கையானது என்ற நம்பிக்கை நம் தோட்டங்களில் இன்னமும் உண்டு. இது தவறு. தெந்து இலை தாளைப் போல எளிதாகப் புகைந்துகொண்டே இருக்காது. விட்டால் அணைந்துவிடும். அதனால் அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டியிருக்கிறது. சாதாரண சிகரெட்டைவிட அதிக நிகோடின், அதிக தார், அதிக கார்பன் மோனாக்சைடு உள்ளே போகின்றன. தூள் குறைவு, கேடு அதிகம்.

அப்பாவுக்கு வந்திருப்பது சிஓபிடி என்ற நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். மூச்சுக் குழாய்கள் வீங்கிச் சுருங்கி, காற்றுப் பைகள் நைந்துபோகும். போன நுரையீரல் திரும்பி வராது. எஞ்சியதைக் காப்பாற்றுவதுதான் சிகிச்சை. மார்கழிக் குளிரில் கம்போங் ராஜாவின் காற்று அவருக்கு எதிரியாகிவிடும். வீட்டிலிருந்து கோயில் வரைக்குமான சிறு மேட்டை ஏற மூன்று இடத்தில் நின்று இளைப்பாறுகிறார். கொழுந்து மூட்டையைத் தோளில் வைத்து மலை ஏறிய மனிதர்.

ஒருநாள் அண்ணி நாட்காட்டியின் பின்பக்கம் கணக்குப் போட்டார். மாமா ஒரு நாளைக்கு ஒரு கட்டு. கட்டுக்கு 25. முப்பது வருடம். இரண்டு லட்சத்து எழுபத்து மூவாயிரத்துச் சொச்சம். அதை எண்ணூறால் வகுத்தார்.

"முந்நூத்தி நாப்பத்தி ரெண்டு நாளு தம்பி. நான் ஒரு வருசம் ஒழைச்சதை மாமா ஒத்தையாளா ஊதி முடிச்சிருக்காக. நான் சுத்துனதுல ஒரு கட்டு இங்க வந்திருக்காதுன்னு யாரு கண்டா?"

யாரும் பதில் சொல்லவில்லை. அப்பா மட்டும், "உன் கையால வந்திருந்தா கழிவா இருந்திருக்காதும்மா" என்றார். அதற்குச் சிரித்தோம். ஆனால், அன்றைக்கு இரவு அண்ணி வெகுநேரம் அடுப்படியிலேயே இருந்தார். முக்கூடலில் அவருடைய அம்மா அப்போதும் சுற்றிக்கொண்டுதான் இருந்தார். அந்தக் கூலியில்தான் அண்ணியின் தங்கை மகள் படித்தாள். பீடியை ஒழியுங்கள் என்று நானும் நீங்களும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். சுளகை இறக்கி வைத்தால் அடுத்த நாள் அடுப்பு எரிய என்ன வழி என்பதையும் அந்த வரியோடு சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இலை போய்த் தாள் வந்தது

நம் நாட்டில் பீடி பழங்கதையாகிக்கொண்டு வருகிறது. ஆனால், கையால் சுற்றும் பழக்கம் போகவில்லை. இலை போய்த் தாள் வந்திருக்கிறது.

மலாய்க்கார நண்பர்கள் 'ரோக்கோக் டவுன்' என்று நீப்பா இலையில் புகையிலை சுற்றுவது பழைய வழக்கம். 'ரோக்கோக் கூலோங்' என்பது தாளில் சுற்றுவது. 2015 நவம்பரில் சிகரெட் மீதான கலால் வரி ஒரேயடியாக ஏறி, பெயர் பெற்ற சிகரெட் பெட்டி 17 ரிங்கிட்டைத் தொட்டது. அப்போது தோட்டத்து ஆட்கள் பலர் செய்ததையே அப்பாவும் செய்தார். உதிரிப் புகையிலைப் பொட்டலமும் மெல்லிய தாள் கட்டும் வாங்கிக்கொண்டார். செலவு பாதிக்குக் கீழே வந்தது. புகை குறையவில்லை. வடிகட்டியும் இல்லை. கையால் சுற்றியது கம்பெனி சிகரெட்டைவிடப் பாதுகாப்பானது என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

அந்தத் தாளுக்கும் ஒரு கதை இருக்கிறது. ஆளி, சணல், அரிசி வைக்கோல் போன்ற நார்களால் செய்த, ஊதினால் பறக்கும் தாள். ஓர் ஓரத்தில் பசை தடவியிருக்கும். உலகம் முழுக்கத் தெரிந்த 'ரிஸ்லா' என்ற பெயரில் உள்ள 'ரிஸ்' பிரெஞ்சு மொழியில் அரிசி. மிச்சம், அதைச் செய்த லாக்ருவா குடும்பத்தின் பெயர். நமக்கும் இந்தத் துறையில் பெருமையோ சிறுமையோ ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் சுருட்டைக் குறிக்கும் 'செரூட்' என்ற சொல், நம் 'சுருட்டு' கப்பல் ஏறிப் போனதுதான். திருச்சிராப்பள்ளிச் சுருட்டு, ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில் துப்பாகவே வருகிறது.

இந்தத் தாளைப் பற்றிப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய காரணம் வேறு. சென்ற ஆண்டுப் பள்ளி விடுமுறையில், பதினைந்து வயதான என் அண்ணன் மகன், "சித்தப்பா, தாத்தாகிட்ட இருந்த பேப்பர் மாதிரியே ஒரு பையன் பேக்ல இருந்துச்சு. அவன் வீட்டுல யாரும் ரோக்கோக் குடிக்கிறதில்லை. அப்புறம் ஏன்?" என்று கேட்டான்.

தாள் வைத்திருப்பதால் மட்டுமே ஒரு பிள்ளை கஞ்சா புகைக்கிறான் என்று முடிவு கட்டக் கூடாது. ஆனால், கேள்வி நியாயமானது. உதிரிப் புகையிலையோடு கலந்தோ தனியாகவோ கஞ்சாவைச் சுற்றுவதும் இதே தாளில்தான். பக்கத்து நாடான தாய்லாந்து 2022 ஜூனில் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்ததும், அங்கே சுற்றுலா போய் வந்த இளைஞர்கள் சிலர் இதைச் சாதாரணமாகப் பேசத் தொடங்கிவிட்டார்கள். எல்லையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தால் சட்டம் வேறு.

மலேசியாவில் 1952-ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டம் நடப்பில் இருக்கிறது. கஞ்சா வைத்திருப்பதும் குற்றம், உடம்பில் செலுத்திக்கொள்வதும் தனிக் குற்றம். சிறுநீர்ப் பரிசோதனையில் தெரிந்தாலே வழக்கு வரலாம். எங்கே புகைத்தாய் என்று காரணம் சொல்லித் தப்ப முடியாது. 200 கிராமும் அதற்கு மேலும் கையில் இருந்தால் கடத்தல் என்றே சட்டம் அனுமானிக்கும். கட்டாய மரண தண்டனை 2023 ஜூலையில் நீக்கப்பட்டது உண்மை. ஆனால், மரண தண்டனை நீதிபதியின் முடிவுக்கு விடப்பட்டிருக்கிறதே தவிர ஒழிக்கப்படவில்லை. சிறையும் பிரம்படியும் அப்படியே இருக்கின்றன. ஒரு இளைஞனின் அரசு வேலை, உயர்கல்விக் கடன், வெளிநாட்டு விசா எல்லாம் ஒரு மெல்லிய தாளில் கரிந்து போகலாம்.

இதையெல்லாம் அண்ணன் மகனிடம் நான் விரிவாகச் சொன்னேன். அவன் தலையாட்டினான். அண்ணி வேறு மாதிரி சொன்னார். அவனை அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு மெல்லிய உறிஞ்சு குழலைக் கொடுத்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு அந்தக் குழல் வழியாக மட்டும் மூச்சு விடச் சொன்னார். அரை நிமிடத்தில் அவன் குழலைக் கீழே போட்டான். "தாத்தாவுக்கு இதைக் கீழ போட முடியாதுல்லா" என்றார். அதற்குமேல் பேசவில்லை. என் அரை மணி நேரச் சட்ட விளக்கத்தைவிட அது அதிகம் வேலை செய்திருக்கும் என்று நம்புகிறேன். இளைப்பு நோய் உள்ளவர்கள் வீட்டில் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.

வீட்டில் என்ன செய்யலாம்?

நம் நாட்டில் 2019-இல் எடுத்த சுகாதாரக் கணக்கெடுப்பில் ஆண்களில் பத்துப் பேரில் நான்கு பேர் புகைப்பவர்கள் என்று தெரிந்தது. அந்த ஆண்டு ஜனவரி முதல் தேதி தொடங்கி உணவகங்களில் புகைக்கத் தடை. 2024 அக்டோபர் முதல் தேதி புதிய புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம் நடப்புக்கு வந்தது. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு விற்பதும் அவர்கள் புகைப்பதும் குற்றம். வேப்பும் அதே சட்டத்துக்குள் வந்துவிட்டது. சிகரெட்டை ஒற்றை ஒற்றையாக விற்கக் கூடாது. பையனை அனுப்பி, "தாத்தாவுக்கு ஒண்ணு வாங்கிட்டு வா" என்று சொல்லும் பழைய தோட்டத்து வழக்கம் இப்போது கடைக்காரருக்கும் நமக்கும் வம்பு.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். விட நினைப்பவருக்கு வழி இருக்கிறதா என்பதுதான் முக்கியம். இருக்கிறது. அரசு சுகாதாரக் கிளினிக்குகளில் புகைப்பழக்கத்தை நிறுத்த உதவும் 'எம்குவிட்' சேவை உண்டு. நிகோடின் மிட்டாய், ஒட்டு, தேவைப்பட்டால் மாத்திரை, கூடவே ஆலோசனை. தனியாக மனஉறுதியால் மட்டும் விடுவதைவிட, மருந்தும் பேச்சும் சேர்ந்தால் வெற்றி வாய்ப்பு அதிகம். ஒரே முறையில் விட முடியாமல் போனால் வெட்கப்பட ஒன்றுமில்லை. பலரும் பல முறை முயன்ற பிறகுதான் விட்டிருக்கிறார்கள். அப்பாவுக்கு நான்காவது முறை.

எங்கள் வீட்டில் உதவியவை சிறு விஷயங்கள். காலைத் தேநீருக்குப் பிறகுதான் அவருக்குக் கை நமநமக்கும். அந்த நேரத்தில் அண்ணி கீரை ஆயக் கொடுத்துவிடுவார். சுற்றிப் பழகிய விரலுக்கு வேலை வேண்டும் என்பது அவருக்குத்தானே தெரியும்! ஆசை வந்தால் பத்து நிமிடம் தள்ளிப் போடுவது, தண்ணீர் குடிப்பது, சட்டைப் பையில் தாள் கட்டுக்குப் பதிலாகச் சோம்பு. வீட்டில் யாரும் பழைய கணக்கை எடுத்துத் திட்டக் கூடாது என்பது அண்ணி போட்ட விதி. "திட்டுனா வெளிய போய்க் குடிப்பாக" என்பது அவர் கட்சி.

இளைஞர்கள் அப்பாவைப் போல நாற்பது ஆண்டு காத்திருக்கத் தேவையில்லை. விட்ட இருபதாவது நிமிடத்திலிருந்தே இதயத் துடிப்பு சீராகத் தொடங்குகிறது. ஓர் ஆண்டில் மாரடைப்பு அபாயம், தொடர்ந்து புகைப்பவரோடு ஒப்பிட்டால் பாதியாகக் குறைகிறது. நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் அபாயம் பாதியாக சுமார் பத்து ஆண்டுகள் ஆகும்.

பிள்ளையிடம் கஞ்சாவோ வேறு போதையோ இருக்கிறது என்று தெரிந்தால், அடித்துத் துரத்துவதும் மூடி மறைப்பதும் ஒரே அளவுக்கு ஆபத்து. 1983-ஆம் ஆண்டுப் போதைப்பித்தர் சிகிச்சை, மறுவாழ்வுச் சட்டத்தின் கீழ், தானாக முன்வந்து சிகிச்சை கேட்க இடமுண்டு. வயது வராத பிள்ளைக்காகப் பெற்றோரே விண்ணப்பிக்கலாம். ஏஏடிகே எனப்படும் தேசியப் போதைப்பொருள் தடுப்பு நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேட்கலாம். போலீஸ் வந்து கதவைத் தட்டுவதற்கு முன் நாமே போய்க் கதவைத் தட்டுவது நல்லது.

சென்ற பொங்கலுக்கு முக்கூடலிலிருந்து காணொளி அழைப்பு வந்தது. அண்ணியின் தங்கை மகள் செவிலியர் படிப்பின் கடைசி ஆண்டில் இருக்கிறாள். பீடித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கான உதவித்தொகை பள்ளிக் காலத்தில் அவளுக்குக் கிடைத்தது. அவள் தலைமுறையில் அந்தத் தெருவில் சுளகைத் தொடும் பெண்கள் குறைந்துவிட்டார்கள். சிலர் கடைக்கு வேலைக்குப் போகிறார்கள், சிலர் தையல், சிலர் படிப்பு. அவளுடைய பாட்டிக்கு மட்டும் கை சும்மா இருக்காது. கண் தெரியாவிட்டாலும் இலையைத் தடவிப் பார்த்தே வெட்டுகிறாராம்.

அந்தப் பெண் திரையில் அப்பாவைப் பார்த்து, "தாத்தா, இன்ஹேலர் இழுத்ததும் வாயைக் கொப்புளிக்கணும், மறந்துராதீக" என்று அதட்டினாள். அப்பா ஒழுங்காகத் தலையாட்டினார். பாட்டி சுற்றிய பீடிக் கூலியில் படித்த பெண், பீடி குடித்துப் போன நுரையீரலுக்குப் பக்குவம் சொல்கிறாள். இன்னும் ஓராண்டில் அவளுக்கு வேலை கிடைத்துவிடும். கிடைத்ததும் முதல் சம்பளத்தில் பாட்டியின் சுளகை வாங்கிப் பரணில் போடப் போவதாகச் சொல்லியிருக்கிறாள். பாட்டி இன்னும் சம்மதிக்கவில்லை.